கடைசி நாலு கிலோ: அறுபதைத் தாண்டியவர்களுக்கான நிதான எடைக்குறைப்பு வழிகாட்டி

முதல் பத்து கிலோ ஓரளவு சுலபமாகக் குறைந்துவிடும். புடவைக்குப் புது ஜாக்கெட் தைக்க வேண்டியிருக்கும், பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருக்கும், பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பார்கள். அதன்பிறகு, மருத்துவர் சொன்ன எடைக்கு இன்னும் நாலைந்து கிலோ மட்டும் பாக்கி இருக்கும்போது, எடை மெஷின் முள் அசையவே மறுக்கும். சாப்பாடு அதேதான், நடையும் அதேதான். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள்: இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்துகிறார்கள், அல்லது மொத்த முயற்சியையும் கைவிடுகிறார்கள். அறுபது வயதுக்கு மேல் முதல் தவறு தசையைக் கரைக்கும். இரண்டாவது, குறைத்த எடையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இலக்குக்கு அருகில் மாதம் அரை கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். ஏன் என்பதையும், அந்த அரை கிலோ உண்மையில் குறைகிறதா என்று கண்டுபிடிக்கும் முறையையும், காத்திருக்கும் மாதங்களில் உடம்பைப் பழுதாகாமல் பார்த்துக்கொள்வதையும் வரிசையாகப் பார்ப்போம்.

தொடங்கும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

எடை குறைந்தால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுபத்தெட்டு கிலோ இருந்தபோது எழுதிய பிரஷர் மாத்திரை, அறுபத்துநாலு கிலோவில் அதிகமாகப் போகலாம். காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டுவது, தள்ளாடுவது இதன் அடையாளம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைட், கிளிகிளாசைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், குழப்பம் வரலாம். தைராய்டு மாத்திரையின் அளவையும் எடை நன்றாகக் குறைந்தபின் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது வழக்கம். எதையும் நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். சீட்டை எடுத்துக்கொண்டுபோய், "இவ்வளவு எடை குறைந்திருக்கிறது, அளவை மாற்ற வேண்டுமா?" என்று கேளுங்கள்.

எடை குறையவிடாமல் தடுக்கும் மருந்துகளும் உண்டு. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, இன்சுலின், பியோகிளிட்டசோன், நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின், கபாபென்டின், தூக்கத்துக்கும் வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவை இந்த வகை. இவற்றில் ஒன்றை எடுக்கிறீர்கள் என்றால், மெதுவாகக் குறைவதற்கு உங்கள் மனஉறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீழே சொல்லும் புரத அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்றக் கூடாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து தேறிவருபவர்கள் இப்போதைக்கு எடையைக் குறைக்கவே வேண்டாம்.

படி 1: நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பாருங்கள்

ஒரே நாளில் உடல் எடை ஒன்று, ஒன்றரை கிலோ வரை ஏறி இறங்கும். அது கொழுப்பு அல்ல. முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்யாண விருந்துக்குப் பின் தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து சேரும். சேரும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொள்ளும். இரண்டு நாள் மலச்சிக்கல் இருந்தாலே அரை கிலோ கூடிக் காட்டலாம். மாதத்துக்கு அரை கிலோ கொழுப்புதான் குறைகிறது என்னும்போது, ஒன்றரை கிலோ ஏற்றத்தாழ்வில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால் ஒரு நாள் எடையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். டிஜிட்டல் எடை மெஷினைப் பாயின்மேலோ மிதியடிமேலோ வைக்காமல் சமமான தரையில், எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். காலையில் கழிவறை போய் வந்தபின், காபிக்கு முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில் ஏறுங்கள். வலதுபக்கம் சுவரைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிடித்தால் எடை குறைத்துக் காட்டும். நிற்கத் தடுமாற்றம் உள்ளவர்கள் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொள்வது நல்லது. வந்த எண்ணை நாள்காட்டியில் எழுதிவிட்டு அதை மறந்துவிடுங்கள். சனிக்கிழமை ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுங்கள். அந்த வாரச் சராசரிதான் உங்கள் எடை.

ஓர் உதாரணம். முதல் வாரம் ஞாயிறு தொடங்கி: 64.3, 63.9, 64.8, 64.1, 63.8, 64.6, 64.0. சராசரி 64.2. ஐந்தாம் வாரம்: 63.9, 63.4, 64.4, 63.6, 63.3, 64.1, 63.5. சராசரி 63.7. அரை கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் முதல் வார வியாழனையும் (63.8) ஐந்தாம் வாரச் செவ்வாயையும் (64.4) மட்டும் பார்த்த ஒருவர், ஒரு மாதம் பட்டினி கிடந்தும் அறுநூறு கிராம் ஏறிவிட்டதே என்று மனம் உடைந்திருப்பார்.

மெஷின் மேல் சந்தேகம் இருந்தால் பிரிக்காத பத்து கிலோ அரிசிப் பை ஒன்று போதும். நிற்கத் தடுமாறாத வீட்டு இளைஞர் யாராவது பை இல்லாமலும் பையுடனும் ஏறிப் பார்க்கட்டும். வித்தியாசம் பத்து கிலோவை ஒட்டி வர வேண்டும். கால் கிலோவுக்கு மேல் பிசகினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

எடையோடு மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும் எடுங்கள். தையல்காரர் டேப்பே போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வேட்டி, பாவாடை கட்டும் இடத்தில் அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். இந்தியர்களுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. எடை அசையாமல் நிற்கும் மாதத்தில் இடுப்பு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் கவலையை விடுங்கள். கொழுப்பு போகிறது, தசை நிற்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம்.

வாரச் சராசரி எட்டு வாரம் தொடர்ந்து அசையவில்லை, இடுப்பும் அசையவில்லை என்றால் மட்டுமே "நின்றுவிட்டது" என்று சொல்லலாம். இரண்டு வாரம், மூன்று வாரம் கணக்கே இல்லை.

ஏன் இவ்வளவு மெதுவாக? கணக்கு போட்டுப் பார்ப்போம்

பொறுமையாக இரு என்று வெறுமனே சொன்னால் யாருக்கும் பொறுமை வராது. எண்ணைப் பார்த்தால் வரும்.

உயரம் 152 சென்டிமீட்டர், வயது 66 உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியைக் கணக்கிட 1990-ல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். கடைசியில் பெண் என்றால் 161 கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். வீட்டு வேலையும் கொஞ்சம் நடையும் உள்ளவருக்கு அதை 1.4-ஆல் பெருக்கலாம்.

78 கிலோ இருந்தபோது அவர் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழித்தது சுமார் 1,735 கலோரி. 1,400 கலோரி சாப்பிட்டால் இடைவெளி 335. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஆக, மாதத்துக்கு 1.3 கிலோ குறைந்தது.

இப்போது 64 கிலோ. செலவு 1,540-க்கு இறங்கிவிட்டது. அதே 1,400 கலோரிதான் சாப்பிடுகிறார். இடைவெளி 140 மட்டுமே. மாதத்துக்கு அரை கிலோ. உடம்பு அவரை ஏமாற்றவில்லை, அவரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. சின்ன உடம்பை ஓட்டக் குறைவான எரிபொருள் போதும், அவ்வளவுதான். உண்மையில் இதைவிடவும் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். எடை குறையும்போது உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும், நமக்குத் தெரியாமலே அசைவுகளும் குறையும்.

இலக்கு 60 கிலோ என்றால் பாக்கி நாலு கிலோ, அதாவது 30,800 கலோரி. நாளுக்கு 140 என்று வகுத்தால் 220 நாள். எடை இறங்க இறங்க இடைவெளியும் சுருங்குவதால் ஒன்பது மாதம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. நாள்காட்டியில் ஒன்பது மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். "பொங்கலுக்குள்", "பேத்தி கல்யாணத்துக்குள்" என்று வைக்கும் கெடுதான் இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்களைத் தவறான வழிக்குத் தள்ளுகிறது.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 140 கலோரி என்பது மூன்றரை டீஸ்பூன் எண்ணெய். 78 கிலோவில் அந்த மூன்றரை ஸ்பூன் கூடினாலும் எடை குறைந்துகொண்டேதான் இருந்தது. 64 கிலோவில் அது கூடினால் எடை அப்படியே நின்றுவிடும். ஆகவே அடுத்த வேலை, சாப்பாட்டைக் குறைப்பது அல்ல. கணக்கில் வராமல் கசிவதைக் கண்டுபிடிப்பது.

படி 2: ஏழு நாள் கசிவுத் தேடல்

ஒரு வாரம் மட்டும், வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஆயுள் முழுக்க எழுத வேண்டாம், அது யாராலும் முடியாது. ஐந்து கிலோ வரை அளக்கும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. அந்த ஒரு வாரத்தில் சோற்றையும் எடை போட்டுப் பாருங்கள். நூற்றைம்பது கிராம் வெந்த சோறு சுமார் 195 கலோரி. "ஒரு கரண்டிதான்" என்று நினைத்துக்கொண்டிருந்த கரண்டி, ஆறு மாதத்தில் தானாகவே கூம்பாகக் குவிந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

எண்ணெயைத் தட்டில் தேடிப் பயனில்லை, மாதக் கணக்கில் தேடுங்கள். இரண்டு பேர் உள்ள வீட்டில் மாதம் இரண்டு லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், தலைக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, ஏறத்தாழ 275 கலோரி. அதை ஒரு லிட்டராகக் கொண்டுவந்தால் தலைக்கு 16, 17 மில்லி. அது போதும். மாதத் தொடக்கத்தில் ஒரு லிட்டரைத் தனிப் பாட்டிலில் ஊற்றி, மாதம் முழுக்க அதற்குள் சமைப்பதே எளிய வழி. தோசைக்கு ஸ்பூனால் ஊற்றுவதை விட்டு, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தால் மூன்று தோசைக்கு நூறு கலோரி மிச்சம். இந்த ஒரு மாற்றத்தாலேயே நின்றுபோன எடை நகரலாம்.

காபி அடுத்தது. நூறு மில்லி பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்று வைத்தால், ஆறு சதவீதக் கொழுப்புள்ள பாலில் ஒரு டம்ளர் 130 கலோரி. நாளுக்கு மூன்று முறை என்றால் 390. மூன்று சதவீதக் கொழுப்புள்ள பாலில் சர்க்கரை இல்லாமல் குடித்தால் அதே மூன்று டம்ளர் 180. பாலைக் குறைக்காதீர்கள். இந்த வயதில் அதன் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உங்களுக்கு வேண்டும். குறைக்க வேண்டியது சர்க்கரையை. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து வந்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

மற்ற கசிவுகள் எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றே: டிவி பார்த்துக்கொண்டே அள்ளிப்போடும் மிக்சர் (50 கிராமுக்கு 250 கலோரிக்கு மேல்), பேரப்பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதே என்று வாயில் போட்டுக்கொள்வது, சட்னி அரைக்கும்போது கடிக்கும் தேங்காய்ப் பத்தை, ருசி பார்க்கும் கரண்டிகள், நடைப்பயிற்சி முடிந்ததும் நண்பர்களோடு டீக்கடையில் ஒரு வடை. முதுமையில் சாப்பாடு ஒரு துணையும்கூட. மாலை நாலு மணி வெறுமையை நிரப்ப மிக்சரைத் தவிர வேறு ஏதாவது வேண்டும் என்பது உண்மையான தேவை. அந்த நேரத்தில் நடைக்கோ நூலகத்துக்கோ கிளம்பிவிடுவது, டப்பாவைப் பூட்டி வைப்பதைவிடப் பலன் தரும்.

கசிவில் நூறு கலோரி கிடைத்தால் போதும். அதற்குமேல் தேடி எடுக்காதீர்கள்.

படி 3: புரதத்தைக் கூட்டுங்கள்

உடற்பயிற்சி இல்லாமல் எடையைக் குறைக்கும்போது, குறைவதில் ஏறத்தாழ கால் பங்கு தசையாகவே போகும். இளையவர் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார். அறுபத்தைந்து வயதில் போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். எடை திரும்ப ஏறும்போது ஏறுவதோ பெரும்பாலும் கொழுப்பு. இப்படி இரண்டு மூன்று முறை இறங்கி ஏறியவர்கள் அதே எடையில் முன்பைவிடப் பலவீனமாக இருப்பார்கள். மெதுவாகப் போகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இலக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் முதியோருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ இலக்கு என்றால் நாளுக்கு 60 முதல் 72 கிராம். இட்லியும் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் முப்பதைத் தாண்டுவதே கடினம். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

சைவத்தில் ஒரு நாள் இப்படி அமையலாம். காலையும் மாலையும் சர்க்கரை இல்லாத காபி. காலையில் ஐம்பது கிராம் பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த இரண்டு தோசை, இதிலேயே 12 கிராம் புரதம். பதினொரு மணிக்கு மோர். மதியம் 120 கிராம் சோறு, 25 கிராம் பருப்பில் கெட்டியாகச் செய்த கூட்டு, கீரை, 20 கிராம் மீல்மேக்கர் பொரியல், நூறு கிராம் தயிர். மொத்தம் 23 கிராம் அளவு. நாலு மணிக்கு 30 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்த சுண்டல், 6 கிராம். இரவு 50 கிராம் கோதுமை மாவில் இரண்டு சிறிய சப்பாத்தி, 40 கிராம் பன்னீர் சேர்த்த காய், 14 கிராம். காபி, மோர் எல்லாம் சேர்த்து 65 கிராமை ஒட்டி வரும். கலோரி 1,350 முதல் 1,450 வரை. அசைவம் சாப்பிடுபவர்கள் மீல்மேக்கருக்குப் பதில் 75 கிராம் மீன் வைத்துக்கொள்ளலாம், பன்னீருக்குப் பதில் ஒரு முட்டை. மீனைப் பொரிக்காமல் குழம்பில் போடுங்கள்.

பல் பிரச்சினை உள்ளவர்களுக்குச் சுண்டல் ஒத்துவராது. கடலையை நன்றாகக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம், அல்லது பொட்டுக்கடலையைப் பொடித்து மோரில் கலக்கலாம். வாயு உபத்திரவம் இருந்தால் பயறை முளைகட்டி, அளவை இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் 1,200 கலோரிக்குக் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இறங்காதீர்கள். அதற்குக் கீழே போனால் புரதம், இரும்பு, பி12, சுண்ணாம்புச் சத்து எதுவும் தேவையான அளவு சேராது. வேகமாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல்லும் வரலாம். மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்கள் பி12 அளவை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வாரம் மூன்று நாள் தசைக்கு வேலை

நடை நல்லதுதான். ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு, சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது. இதற்கு ஜிம் வேண்டாம். ஒரு நாற்காலி, சுவர், சமையல் மேடை, துணிப்பை, மாடிப்படி போதும்.

1. நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்தல்: கைகளை மார்பின் குறுக்கே வைத்து 8 முறை. முடியாவிட்டால் தொடையில் கையூன்றலாம். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.
2. சுவர்த் தண்டால்: ஒரு கை தூரத்தில் நின்று 10 முறை.
3. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குதல்: 12 முறை.
4. துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டு, சற்றுக் குனிந்து ஒரு கையால் மேசையை ஊன்றி, மறுகையால் பையை இடுப்புவரை இழுத்தல்: கைக்கு 10 முறை.
5. கைப்பிடியைப் பிடித்து ஒரே படியில் ஏறி இறங்குதல்: காலுக்கு 8 முறை.
6. மேடையின் பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்றல்: 10 வினாடி.

இதை இரண்டு சுற்று செய்தால் இருபது நிமிடம். ஒவ்வொன்றின் முடிவிலும் "இன்னும் இரண்டு மூன்று முறை முடியும்" என்ற நிலையில் நிறுத்துங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள், ரத்த அழுத்தம் குபுக்கென்று ஏறும். எழும்போது மூச்சை வெளியே விடுவது சரியான முறை. மூட்டு வலி மறுநாள் காலையிலும் நின்றால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பயிற்சியை அடியோடு விட வேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். புதுப் பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரம் எடை அரை கிலோ, ஒரு கிலோ ஏறலாம். தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதுதான் காரணம். இதைப் பார்த்துப் பயந்து பயிற்சியை விடுபவர்கள் ஏராளம்.

முன்னேற்றத்தை அளக்க மெஷினைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியில், கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுக்குள் ஆண் 12, பெண் 11 முறைக்குக் கீழே என்றால் கால்வலு குறைவு, விழும் ஆபத்து கூடுதல். மாதம் ஒருமுறை இதையும் நாள்காட்டியில் எழுதுங்கள். எடை நிற்கும் மாதத்தில் இந்த எண் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு ஏறியிருந்தால், அந்த மாதம் வீண்போகவில்லை.

நடைக்கு ஒரு வார்த்தை. 64 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 75, 80 கலோரிதான். நடந்துவிட்டோமே என்று ஒரு வடை சாப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும். முப்பது நிமிடத்தை மூன்றாகப் பிரித்து வேளைக்குப் பின் நடப்பது இந்த வயதுக்குப் பொருத்தமானது.

என்னென்ன தவறாகும்

இரவுச் சாப்பாட்டை நிறுத்துபவர்கள் முதல் வாரம் ஒன்றரை கிலோ குறைந்ததாகச் சந்தோஷப்படுவார்கள். பெரும்பகுதி தண்ணீர். மூன்றாம் வாரத்தில் ராத்திரி பத்து மணிக்கு பிஸ்கட் டப்பா திறக்கும், அல்லது காலையில் தலைசுற்றும். ஏகாதசி, சஷ்டி விரதம் இருப்பவர்கள் பக்திக்காக இருங்கள், எடைக்காக இருக்காதீர்கள். அடுத்த நாள் பாரணையில் பசி இரட்டிப்பாகத் திரும்பும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதமே வேண்டாம். எடை குறைக்கும் பொடி, கஷாயம், டீ என்று விற்பவற்றில் பல பேதியையோ சிறுநீரையோ கூட்டுபவை. போவது தண்ணீரும் பொட்டாசியமும்.

உறவினர் பேச்சும் ஒரு தடைதான். "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க, சுகரா?" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்டால், வீட்டில் உள்ளவர்களே பயந்துபோய் நெய் ஊற்றத் தொடங்குவார்கள். முகத்தில் கொழுப்பு குறையும்போது வயது கூடித் தெரிவது இயல்பு. "டாக்டர் சொல்லித்தான் குறைக்கிறேன், ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு" என்ற ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறும் மருமகளிடமோ மகளிடமோ முன்கூட்டியே ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிடுவது, தினமும் பந்தியில் மறுப்பதைவிட நல்லது.

பண்டிகைக்கு ஒரு வழி. தீபாவளி அன்று மனதாரச் சாப்பிடுங்கள். ஒரு நாளால் எதுவும் கெடாது. கெடுப்பது அதன்பின் பத்து நாள் டப்பாவில் மிஞ்சும் முறுக்கும் அதிரசமும். மறுநாளே பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். பண்டிகை வாரத்தின் சராசரியை எழுதுங்கள், ஆனால் ஒப்பிடாதீர்கள்.

இரண்டு நிலைகளில் பொறுமை காட்டக் கூடாது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் அது இதயமோ சிறுநீரகமோ சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல், சாப்பாட்டிலும் உழைப்பிலும் எதையும் மாற்றாமல் எடை மளமளவென்று இறங்கினால் மகிழ்ச்சி அடையாதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் காரணம் தெரியாமல் ஐந்து சதவீத எடை குறைந்தால் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும். இலக்கை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை காதில் விழாமல் போவதுதான் ஆபத்து.

படி 5: இலக்கையே ஒருமுறை கேள்வி கேளுங்கள்

அந்த 60 கிலோ எங்கிருந்து வந்தது? கல்யாணத்தின்போது இருந்த எடையா? சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையா? வயதானால் உயரமும் ஓரிரு சென்டிமீட்டர் குறையும். பழைய உயரத்தை வைத்துப் போட்ட கணக்கு இப்போது பொருந்தாது. 65 வயதைத் தாண்டியவர்களில் ஒல்லியாக இருப்பவர்களைவிடச் சற்றுப் பூசினாற்போல் இருப்பவர்களே நெடுநாள் வாழ்வதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. நோயில் படுத்தாலோ விழுந்து எலும்பு முறிந்தாலோ கைகொடுக்க உடம்பில் கொஞ்சம் இருப்பு வேண்டும். இளைஞனுக்கான அளவை எழுபது வயதில் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மருத்துவரிடம் நாலு எண்களோடு போங்கள்: ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, நாற்காலிச் சோதனை எண்ணிக்கை. இந்த நாலும் நன்றாக இருந்து, மூட்டு வலியும் தணிந்திருந்தால், 62-லேயே நிறுத்தலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். தொடக்க எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கிவிடும். 78-லிருந்து 64-க்கு வந்தவர் ஏற்கெனவே 18 சதவீதம் குறைத்திருக்கிறார்.

ஓய்வும் திட்டத்தின் பகுதிதான். ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் ஒரு மாதம் எடையைக் குறைக்காமல் நிறுத்திப் பிடியுங்கள். அந்த மாதம் நாளுக்கு நூறு கலோரி கூட்டலாம்: ஒரு பூவன்பழமும் ஒரு கை வேர்க்கடலையில் பாதியும். புரதம், பயிற்சி, தினசரி எடை எதையும் விடக் கூடாது. எடையைப் பிடித்து நிறுத்துவது தனித் திறமை. 1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைத்த எடையைப் பல ஆண்டு காத்தவர்களில் பெரும்பாலானோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்களாகவே இருந்தார்கள். இலக்கை எட்டியபின் கற்றுக்கொள்வதைவிட வழியிலேயே பழகுவது சுலபம்.

இலக்கை எட்டியதும் மேலும் கீழும் ஒன்றரை கிலோ எல்லை வையுங்கள். இலக்கு 61 என்றால் 59.5 முதல் 62.5 வரை எதுவும் செய்ய வேண்டாம். வாரச் சராசரி தொடர்ந்து இரண்டு வாரம் 62.5-ஐத் தாண்டினால் எண்ணெய்ப் பாட்டிலையும் நாலு மணிப் பலகாரத்தையும் பாருங்கள், சோற்றில் கைவைக்காதீர்கள். 59.5-க்குக் கீழே போனால் இரவில் ஒரு டம்ளர் பாலைச் சேர்த்து, இரண்டு வாரத்தில் திரும்பவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.